அப்பா சாணை பிடித்த மட்டைகள்

ஏப்ரல் 15, திங்கள்

ஏழாம் நம்பர் மட்டையின் முகத்தில் மேல்பூச்சு தேய்ந்து வெள்ளையாக மின்னும் இடம் நடுவில் இல்லை. முனைப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளி இருக்கிறது.

ஒரு வருடமாக அடுத்தவர் மட்டைகளைத்தான் துடைக்கிறேன். கோல்ஃப் மைதானத்தில் பை வேலை என்றால் அதுதான்: பையை வண்டியில் வைத்துத் தள்ள வேண்டும், கேட்ட மட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும், அடித்ததும் வாங்கி ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும். யாருக்குப் பந்து எங்கே படுகிறது என்று துடைக்கும்போதே தெரிந்துவிடும். என் மட்டையை மட்டும் நான் பார்க்கவே இல்லை. இன்று வீட்டுக்கு வரும் ரயிலில் பையைத் திறந்து சும்மா பார்த்தேன்.

ஐந்து, ஆறு, ஏழு மூன்றிலும் அதே முனைப் பக்கம். எட்டும் ஒன்பதும் பரவாயில்லை, ஏறக்குறைய நடு.

ஜூன் 17 தேர்வு. பதினெட்டுக் குழியையும் 78 அடிக்குள் முடித்தால்தான் பயிற்சிப் பெண்ணாக நீடிக்கலாம். விருந்தினர் போன பிறகு மாலையில் மைதானத்தில் இலவசமாக ஆடலாம் என்பது பயிற்சிப் பெண்களுக்கு மட்டும்தான். 79 ஆனால் அதன் அடையாளமான நீலத்தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் பை வேலை. மார்ச்சில் எனக்கு 84.

பள்ளியையும் விட்டாயிற்று. இதையும் விட்டால்?

ஏப்ரல் 16

மழை. இரண்டு குழுவுக்குப் பை வேலை. "இதோ", "மன்னிக்கணும்", "ஏழாம் நம்பரா?" இந்த மூன்றைத் தவிர நாள் முழுக்க வேறு எதுவும் பேசவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

விடுதியில் என் அறையில்தான் செரினா அக்காவும் இருக்கிறாள். ஒசாகாக்காரி, அவளும் பயிற்சிப் பெண்தான். எனக்கு மூன்று வயது மூத்தவள், முப்பது மடங்கு சத்தம். அவளிடம் ஏழாம் நம்பரைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல்தான் காட்டினேன்.

மட்டை முகத்தில் ஒட்டுகிற காகிதம் அவளிடம் இருந்தது. பந்து பட்ட இடம் அதில் நீலமாகிவிடும். பத்துப் பந்து அடித்தேன். எட்டு நீலப் புள்ளிகள் முனையில்.

"அடிப்பாவி! நடுவுல காகிதம் புதுசாவே இருக்கு, திருப்பி ஒட்டிக்கலாம் போல."

பிறகு மட்டையைப் புரட்டி முதுகைப் பார்த்தாள். அப்பா செய்தது கத்தி மாதிரி. பின்பக்கம் குடைவே இல்லாமல் ஒரே பாளமான இரும்பு, மேல் விளிம்பு மெலிந்து, அடிப்பாகமும் ஒடுங்கி. நடுவில் பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது, வெண்ணெயில் வைத்த மாதிரி இருக்கும். ஒரு நகம் தள்ளிப் பட்டால் முழங்கைவரை அதிரும்.

"இது கத்தி இல்லடி, சவரக்கத்தி. உங்கப்பா யாருக்குச் செஞ்சாரு இதை? உனக்கா, டிவில வர்றவங்களுக்கா?"

நான் சிரித்து வைத்தேன்.

"குடைவு மட்டை எடுத்துக்கோ. பின்னால குடைஞ்சு கனத்தை ஓரத்துல வெச்சிருப்பான். தள்ளிப் பட்டாலும் பந்து போகும்." கொஞ்சம் யோசித்து, "ஆனா பயிற்சிப் பொண்ணு குடைவு மட்டை வெச்சிருந்தா எல்லாரும் சிரிப்பாங்க. அது பென்ஷன் வாங்குற மாமாங்க அடிக்கறது. மொதல்ல சிரிக்கறது நான்தான், இப்பவே சொல்லிட்டேன்."

ஏப்ரல் 22, திங்கள்

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. வீட்டுக்கு வந்தேன்.

அப்பா எங்கள் ஊர்ப் பட்டறையில் சாணை பிடிப்பவர். செக்கச்சிவக்கக் காய்ச்சி அடித்த இரும்பு அவர் மேசைக்கு முரட்டுக் கட்டியாக வரும். அவர் கையிலிருந்து மட்டையாகப் போகும். பெரிய ஆட்டக்காரர்கள் குறிப்பு எழுதி அனுப்புவார்கள், இங்கே அரை மில்லி எடு, அங்கே கூர்மை குறை என்று. அவர்களுக்கு அப்பாவின் பெயர் தெரியாது, மேசை எண்தான் தெரியும்.

ஏழாம் நம்பரை மேசைமேல் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"முனையில படுது."

"ம்."

"கழுத்தை ஒரு டிகிரி நிமிர்த்திடலாம். வார்த்த இரும்புன்னா முறிஞ்சிரும். இது அடிச்ச இரும்பு, சொன்னபடி கேக்கும்." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வேற ஒண்ணும் இல்லியே? கைக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிடுகிறது.

அம்மா, கடையில் விலை குறைத்துப் போட்டிருந்த உருளைக்கிழங்குப் பொரியலைத் தட்டில் தள்ளிக்கொண்டே, "பொண்ணு நல்லா இருக்குன்னு சொன்னா நீங்க அப்படியே நம்பிடுவீங்களே. என் சமையலையும் அப்படித்தான் சொல்றா" என்றாள்.

ஏப்ரல் 29, திங்கள்

கழுத்து நிமிர்ந்தது. நீலப் புள்ளி நகரவில்லை. அப்பா கனம் கூட்ட ஈயப்பட்டை ஒட்டிக் கொடுத்தார். "இப்ப எப்படி?" "நல்லா இருக்கு."

மே 4, சனி

தொடர் விடுமுறை, மைதானம் நிறைந்து வழிகிறது. என் குழுவில் ஒரு பல் மருத்துவரும் அவருடைய மூன்று நண்பர்களும். மருத்துவர் பையில் பளபளவென்று புதுக் கத்தி மட்டைகள். முதல் அடியில் ஒரு கையளவு புல் பறந்தது, பந்து அங்கேயே இருந்தது. நான் துடைத்தேன். முகத்தில் மண், பந்தின் தடமே இல்லை.

"கடைக்காரன் கேட்டான்பா, எத்தனை அடியில முடிப்பீங்கன்னு. தொண்ணூறுன்னு சொன்னேன்."

"அவன் பதினெட்டுக் குழிக்குக் கேட்டிருப்பான். நீ பத்துக் குழிக்குச் சொல்லிட்டே" என்றார் ஒரு நண்பர்.

எல்லாரையும்விட மருத்துவர்தான் அதிகமாகச் சிரித்தார். மாலைவரை அந்த மட்டைகளோடு சந்தோஷமாகவே மல்லுக்கட்டினார். பை மூடும் முன் மட்டைகளை எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். "பாப்பா, நீ சொல்லு, இது எனக்கு ஜாஸ்தியா?" என்றார். "பதினாலு மட்டையும் சரியா இருக்கு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

இப்போது படுத்துக்கொண்டு நினைக்கிறேன். அவரிடம் கடைக்காரனாவது கேட்டான். பொய் சொன்னார், சரி. என்னிடம் யாரும் கேட்கவில்லை. அப்பா ஒரு நாள் பை நிறையக் கொண்டுவந்து "உனக்குத்தான்" என்றார். துணியைப் பிரித்ததும் அவ்வளவு அழகாக இருந்தன. நான் தலையாட்டினேன்.

மே 8

இருபது பந்து. பதினைந்து முனையில். உள்ளங்கை சிவந்துவிட்டது.

மே 13, திங்கள்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

அப்பா இன்று அரை நாள் விடுப்பு. மத்தியானம் கோதுமைச் சேமியாவை உறிஞ்சிக்கொண்டே ஈயப்பட்டையை இன்னும் கீழே ஒட்டலாமா என்று பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று எனக்கு ஒன்று தோன்றியது. அப்பா பந்து அடித்து நான் பார்த்ததே இல்லை.

"அப்பா, நீங்க அடிச்சிருக்கீங்களா?"

"என்னத்தை?"

"பந்தை."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கெதுக்கு? செருப்பு தைக்கிறவன் ஓட்டப்பந்தயத்துக்கா போறான்?"

"வாங்க, ஆத்தோரம் போலாம். ஒரு தடவை அடிச்சுப் பாருங்க."

அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் எப்போது கேட்டாளோ.

ஆற்றோரத்தில் பச்சை வலை கட்டிய, பந்து அடிக்கிற இடம் இருக்கிறது. ஒரு கூடைப் பந்து எடுத்தோம். அப்பா என் ஏழாம் நம்பரைப் பிடித்த விதமே சாணைக்கல்லில் வைப்பது மாதிரி இருந்தது. முதல் மூன்று தடவை காற்று. நான்காவது பந்தின் தலையில் பட்டு அது பக்கத்துக்காரரின் காலுக்குள் ஓடியது. அப்பா இடுப்பு வளைத்து மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். ஐந்தாவது முனையில் பட்டது.

"ஆ!" என்று மட்டையை விட்டுவிட்டார். கையை உதறிக்கொண்டே நின்றார். "என்ன இது, கரண்ட் அடிச்ச மாதிரி!"

"ம்."

"தினமும் இப்படியா?"

"ம்."

"நல்லா இருக்குன்னு சொன்னியே!"

நான் பந்துக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மட்டையைக் கையில் எடுத்து அதன் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் மேசைக்கு வர்ற குறிப்பெல்லாம் மேல இருக்கிறவங்க எழுதறது. மெலிசாக்கு, இன்னும் மெலிசாக்குன்னுதான் எழுதுவாங்க. மெலிசா இருந்தா நல்லதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அடிக்கத் தெரியாதவன் எவன் எனக்குக் குறிப்பு அனுப்புவான்?"

சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "உன்னைச் சொல்லல" என்றார்.

கூடையில் மீதி இருந்த பந்துகளையும் அவரே அடித்துத் தீர்த்தார். கை வலிக்கும்பா, போதும் என்றேன். கேட்கவில்லை.

மே 14

அம்மாவிடமிருந்து செய்தி: "உங்கப்பா ரெண்டு கையிலயும் பிளாஸ்திரி போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிருக்காரு. பட்டறையில கேட்டா பூனை பிராண்டிச்சுன்னு சொல்லுவாராம். நம்மகிட்ட பூனையே இல்ல."

மே 20, திங்கள்

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றார் அப்பா. கதவை அடைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, குறிப்பு எழுதுகிற பென்சிலோடு.

இந்தத் தடவை சொன்னேன். எட்டும் ஒன்பதும் அப்படியே இருக்கட்டும். ஐந்து, ஆறு, ஏழு மட்டும் குடைவு. அடிப்பாகம் கொஞ்சம் தடிமனாக.

பென்சில் நகரவில்லை.

"குடைவுன்னா குரோதா மேசை."

பட்டறையில் குடைவு மட்டைகள் குரோதா மாமாவுடையவை. அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு மேசைதான். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்த காலத்தில் வண்டி நிறுத்துகிற நிழலான இடம் யாருக்கு என்று ஒரு சண்டை. அதிலிருந்து பேச்சில்லை. ஏதாவது தேவையென்றால் நடுவில் உள்ள ஆளிடம் சொல்லி அனுப்புவார்கள்.

"போய்ப் பேசுங்களேன். அவரு என்ன கடிச்சா வெச்சிடுவாரு?" என்றாள் அம்மா, கதவுக்கு வெளியிலிருந்து.

அப்பா பென்சிலை வைத்துவிட்டு எழுந்தார். என் பையிலிருந்து ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் உருவி, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தார். ஒவ்வொன்றாக. குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி.

ரயிலில் வரும்போது அழுகை வந்துவிட்டது. ஏன்டி சொன்னே? இன்னும் நாலு வாரம்தானே, எப்படியாவது அடிச்சுத் தொலச்சிருக்கலாமே. அவரு அதைச் செய்யறதுக்கு எத்தனை ஞாயித்துக்கிழமை போனாரோ — கேட்டனா நான்? இல்ல, அவரும்தான் கேக்கல. யாரும் யாரையும் கேக்கல.

மே 27, திங்கள்

அப்பா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப் போனார். உள்ளே ஒரே இரும்புத் தூள் வாசனை. குரோதா மாமா மேசைக்குப் போய் நின்றோம். அவர் நிமிரவில்லை. சாணைக்கல் நிற்கும்வரை அப்பா காத்திருந்தார். நானும்.

"என்ன, பூனை இன்னும் பிராண்டுதா?" என்றார் குரோதா மாமா, அப்பாவின் கையைப் பார்த்து.

அப்பாவின் காது சிவந்தது. "பொண்ணுக்கு மூணு மட்டை வேணும். குடைவு."

"எத்தனை அடியில முடிக்குது?"

"எழுபத்தெட்டு" என்றார் அப்பா.

"உன்னையா கேட்டேன்? பொண்ணைக் கேட்டேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நடு மேசைக்காரரும் பார்த்தார்.

"எண்பத்துநாலு" என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். வீட்டில் நான் "எண்பதுகிட்ட" என்றுதான் சொல்லியிருந்தேன்.

"எண்பத்துநாலுக்கா அந்தச் சவரக்கத்தியைச் செஞ்சே?" குரோதா மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுபத்துநாலு ஆகும்போது மறுபடி மாத்த வேண்டாமேன்னு..."

"பள்ளிக்கூட உடுப்பை ரெண்டு அளவு பெருசா வாங்கற மாதிரியா? அது வளந்தா சரியாப்போகும். இதுல பொண்ணு தப்பா அடிச்சே பழகிடும்யா."

என் மேல்நிலைப்பள்ளி உடுப்பையும் இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்கினார்கள். கை மடிப்பைப் பிரிக்கும் முன்பே நான் போவதை நிறுத்திவிட்டேன். அது குரோதா மாமாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அவர் தன் பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரோதா மாமா என் உயரம், மணிக்கட்டு, எல்லாம் அளந்தார். மட்டை தரையில் எங்கே குத்துகிறது, ஈரப் புல்லா காய்ந்த புல்லா, எல்லாம் என்னையே கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது எனக்கே ஆச்சரியம்.

கிளம்பும்போது அப்பா அவரிடம், "மேல் விளிம்பை மட்டும் நான் தேய்க்கட்டுமா?" என்றார்.

"ஓரம் மட்டும். கையைக் கட்டிப்போட்டுத்தான் விடுவேன்" என்றார் அவர்.

ஜூன் 3, திங்கள்

வந்துவிட்டன. குடைவுக்குள் விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு கணு உள்ளே போகிறது. மேல் விளிம்பு அப்பாவுடையது. பார்த்தாலே தெரிகிறது.

ஜூன் 5, புதன்

செரினா அக்கா வாக்குத் தவறாமல் முதலில் சிரித்தாள். "வாங்க பென்ஷன் மாமா, முதுகு வலி எப்படி இருக்கு?" மற்ற பெண்களும் சிரித்தார்கள். நான் அடித்தேன். நீலப் புள்ளிகள் இப்போதும் சிதறித்தான் இருக்கின்றன, ஆனால் பந்து நேராகப் போகிறது, மேலே போகிறது, கை அதிரவில்லை.

கொஞ்ச நேரத்தில், "இங்க குடு, நான் ஒண்ணு அடிக்கறேன்" என்றாள். ஒன்று என்று சொல்லிப் பதினொன்று அடித்தாள்.

ஒரே சிக்கல். ஏழாம் நம்பர் முன்பைவிடத் தூரம் போகிறது. பத்து கஜமா, பன்னிரண்டா — இன்னும் கணக்குப் பிடிபடவில்லை.

ஜூன் 11

மழைக்காலம் தொடங்கிவிட்டது. மாலையில் மைதானத்தை மூடிவிட்டார்கள். பயிற்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

ஜூன் 14

பயிற்சி இல்லை.

ஜூன் 17, திங்கள்

79.

நான்காவது குழியில் ஏழாம் நம்பரால் அடித்த பந்து குழியைச் சுற்றியுள்ள கிரீன் புல்தரையைத் தாண்டிப் பின்னால் புதரில் விழுந்தது. பதினொன்றாவதிலும் அதே. அடித்தது இரண்டும் நல்ல அடி. தூரம்தான் எனக்குத் தெரியவில்லை. மற்ற எல்லாமே நன்றாகத்தான் போனது. பதினெட்டாவதில் ஐந்தாம் நம்பரால் அடித்த பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அப்படி ஒரு அடி நான் இதுவரை அடித்ததில்லை. அந்தக் கிட்டத்துப் பந்தைக் குழியில் தட்டியிருந்தால் 78. தட்டினேன். குழியின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்தது.

அப்பாவுக்கு போன் செய்தேன்.

"எத்தனை?"

"எழுபத்தொம்பது."

அந்தப் பக்கம் சாணைக்கல் சத்தம் நின்றது. "மட்டை ஏதாவது...?"

"மட்டை சரியா இருக்குப்பா. நல்லா இருக்கு. நெஜமாவே."

"சரி" என்றார். பிறகு யாரிடமோ "எழுபத்தொம்பது" என்று சொல்வது கேட்டது. "மார்ச்சுல எண்பத்துநாலுல்ல" என்று குரோதா மாமாவின் குரல் பதில் சொன்னது.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் நீலத்தொப்பியை ஒகுமுரா அக்கா மேசையில் வைத்தேன். பை வேலைக்காரர்கள் எல்லாருக்கும் தலைமை அவர்தான், பயிற்சிப் பெண்களை எடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான். "நாளையிலேர்ந்து வெள்ளைத் தொப்பி" என்றார். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. நான் தலைகுனிந்து வணங்கிவிட்டு வந்துவிட்டேன்.

செரினா அக்கா 75. தன் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, இன்று சத்தம் போடாமல், "செப்டம்பர்ல மறுபடி தேர்வு இருக்குடி" என்றாள்.

"தொப்பி போனவங்க அதுல ஆட முடியுமா?"

"முடியாதுன்னு விதி இல்ல. ஆனா யாரும் போய்க் கேட்டதில்ல. போன வருஷம் தொப்பி போனவ அப்படியே அழுதுட்டு ஊருக்குப் போயிட்டா. கேக்கணும்னு யாருக்கும் தோணல. நீ போய்க் கேக்கப் போறியா என்ன?" என்று சிரித்தாள்.

மத்தியானம் குழு வரும்வரை பைகளைத் துடைத்தேன். பிறகு துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, மாடிப்படி ஏறி, ஒகுமுரா அக்கா அறைக் கதவைத் தட்டினேன். "வா" என்றார். உள்ளே போய், "செப்டம்பர் தேர்வுக்கு என் பேரையும் சேர்த்துக்குங்க" என்றேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.